பல் முளைத்த இடுக்கி

அன்ஸார் நானாவை நாலு பேர் முன்னால் ஏசினாலும் பொறுத்துக்கொள்வார். ஆனால் அவர் செய்து கொடுத்த வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு "அடடா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ப் பாருங்கள், மனிதருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இந்தத் தடவை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டவர் டொக்டர் ஜெஸ்லா. திங்கட்கிழமை பஸ்ஸில் கொடுத்தனுப்பிய சாமான், இன்றைக்கு வியாழன். ஒரு போன் கோல் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை.

அன்ஸார் நானாவுக்கு மாத்தளை டவுனில் மணிக்கூடு, கைக்கடிகாரம் திருத்தும் கடை. மணிக்கூடு மட்டும் என்றில்லை. தராசு, தையல் மெஷின், பிரஷர் பார்க்கும் கருவி, எதற்குள் சின்னப் பல்லும் சுருளும் இருக்கிறதோ அது எப்படியாவது அவர் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். டொக்டர் ஜெஸ்லா யட்டவத்தைப் பக்கம் சொந்தமாக மிருக வைத்தியசாலை நடத்துகிறவர். இரண்டு அறை, ஒரு வெராந்தா, உதவிக்கு மதுஷிகா என்று ஒரு பெண். அவர் மூன்று இடுக்கிகளைக் கட்டி அனுப்பியிருந்தார். ஒபரேஷன் நேரம் வயிற்றுக்குள் இருப்பதைப் பிடித்துக்கொள்கிற இடுக்கிகள். கத்தரிக்கோல் போல விரல் விட்டுப் பிடிக்கவேண்டும். பிடித்ததும் கைப்பிடியில் இருக்கும் பூட்டு 'டிக்' என்று விழவேண்டும். மூன்றிலும் அந்தப் பூட்டு தேய்ந்து, பிடித்தது கழன்றுவிடுகிறதாம். "நானா, லொக்கைச் சரி செஞ்சு தாங்க. அது போதும்" என்று ஒரு துண்டுக் கடதாசியும் வைத்திருந்தார்.

அது போதும் என்று சொன்னால் போதுமென்று விடுகிற ஆளா இவர்? பூட்டைச் சரிசெய்த கையோடு, கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே நுனியையும் பார்த்தார். ஒன்றின் வாயில் பொடிப்பொடியாகப் பல் இருந்தது. மற்ற இரண்டின் வாயும் அகலமாக, நடுவில் ஓட்டையாக, ஓரமெல்லாம் மழமழவென்று இருந்தது. மூன்றும் ஒரே பொதியில் வந்தவை. ஒன்றுக்குப் பல் உண்டு, இரண்டுக்கு இல்லை. ஆக, தேய்ந்துபோயிருக்கிறது! பாவம் அந்த டொக்டர்ப் பிள்ளை, பல்லெல்லாம் தேய்ந்த சாமானை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் வேலை செய்கிறதே என்று இவர் மனம் உருகிப்போனார். போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கமாட்டார். கேட்டுவிட்டுச் செய்தால் அதில் என்ன அதிசயம் இருக்கிறது?

ஊசி அரத்தை எடுத்தார். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, பல் உள்ள இடுக்கியைப் பார்த்துப் பார்த்து, மேலே இரண்டு, கீழே மூன்று என்று இரண்டுக்கும் பல் வெட்டினார். கைக்குட்டையின் ஓரத்தைக் கடிக்க வைத்து இழுத்தார். கைக்குட்டைதான் கிழிந்தது, இடுக்கி விடவில்லை. "சுப்ஹானல்லாஹ், என்ன பிடி!" என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். "அந்த டொக்டர் பல்லு வைக்கச் சொன்னாவா?" என்று மனைவி பஸ்லா கேட்டாள். "ஒனக்கு இதெல்லாம் வெளங்காது" என்றார்.

ஆகவே, பாராட்டு தன்னைத் தேடி வராததால், வியாழக்கிழமை காலையில் பாராட்டைத் தேடி அவரே பஸ் ஏறினார். சும்மா போய் நின்றால் நன்றாயிருக்காதே. 'பூட்டுக்கு எண்ணெய் விட வந்தேன்' என்று சொல்லிக்கொள்ள ஒரு சின்னக் குப்பியில் எண்ணெயும் எடுத்துக்கொண்டார்.

வைத்தியசாலை வெராந்தாவில் ஒரு பெண் கையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி நின்றாள். கயிற்றின் மறுமுனையில் ஒன்றும் இல்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தது. அன்ஸார் நானாவைக் கண்டதும், அவர் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள்.

"உள்ள கொண்டு போயிட்டாங்க நானா. என் கெப்டனை."

அவள் பெயர் மரியாயி. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கெப்டன் அவளுடைய கிடா ஆடு. அவனை ஈன்ற அன்றைக்கே தாய் ஆடு செத்துப்போய், இவள் போத்தலில் பால் கொடுத்துத் தன் பாயிலேயே படுக்க வைத்து வளர்த்தவன். இப்போது அந்தத் தோட்டத்து லயத்து வீடுகள் அத்தனைக்கும் அவன் ஒருவன்தான் கிடா. மேய்ச்சலுக்குப் போகும்போது மற்ற ஆடுகளையெல்லாம் பின்னால் விட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போவானாம், அதனால்தான் அந்தப் பெயர்.

"ரெண்டு நாளா மூத்திரம் போகல. முக்குறான், முக்குறான், ஒரு சொட்டு வரல. பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுவுறான் நானா. நான்தான் அவனைக் கெடுத்தேன். புல்லுத் திங்கிற சீவனுக்குத் தவிடும் புண்ணாக்கும் பாணும்னு அள்ளி அள்ளிக் குடுத்தேன். அதுலதான் உள்ள கல்லு கட்டிப்போச்சுன்னு டொக்டரம்மா ஏசுறாங்க. மூத்திரப்பை வெடிச்சா அவ்வளவுதானாம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்ஸார் நானாவுக்கு மனம் தாங்கவில்லை. ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் மனிதருக்குத் தன் வேலையின் நினைப்பு.

"பயப்படாதீங்க தங்கச்சி," என்றார். "உள்ள இருக்கிற சாமானெல்லாம் நம்ம கையால செஞ்சு குடுத்தது. அது ஒருக்கா பிடிச்சா விடாது."

அவர் வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து டொக்டர் ஜெஸ்லாவின் குரல் கேட்டது.

"யா அல்லாஹ்! யாரு செஞ்ச வேலை இது!"

அன்ஸார் நானாவின் முகம் மலர்ந்துபோனது. மூன்று நாளாக இதற்குத்தானே காத்திருந்தார்? சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார். கதவு திறந்தது. வாயையும் மூக்கையும் மூடிக் கட்டியிருந்த மதுஷிகா தலையை நீட்டினாள்.

"நானாவா? நல்ல வேளை. உள்ள வாங்க, கெதியா!"

அவர் சிரித்த முகத்தோடுதான் உள்ளே போனார். மேசையில் கெப்டன் மல்லாந்து கிடந்தான். பச்சைத் துணியால் மூடியிருந்தார்கள்; வயிற்றில் மட்டும் ஒரு இடம் திறந்திருந்தது. டொக்டர் ஜெஸ்லா கையுறை போட்ட கையில் இடுக்கியை உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் கண்களில் இருந்தது பாராட்டு அல்ல.

"நானா, இதுக்குப் பல்லு வச்சீங்களா?"

"தேஞ்சு போயிருந்திச்சே டொக்டர்..."

"தேயல நானா. இதுக்குப் பல்லே கிடையாது. பல்லு இருக்கக்கூடாதுன்னு செஞ்ச சாமான் இது. வெட்டி எறியிற சதையைப் பிடிக்கத்தான் பல்லு உள்ளது. குடல், கர்ப்பப்பை, மூத்திரப்பை, இதையெல்லாம் பிடிச்ச தடம் தெரியாமப் பிடிக்கணும். அதுக்குத்தான் இது ரெண்டும்."

"லொக் விழுதான்னு மட்டும்தான் நான் பார்த்தேன் டொக்டர்," என்றாள் மதுஷிகா அழாக்குறையாக. "பார்த்துட்டுத் துணியில சுத்தி அவிச்சு வச்சிட்டேன்."

அன்ஸார் நானா எட்டிப் பார்த்தார். திறந்த வயிற்றுக்குள் மூத்திரப்பை கருஞ்சிவப்பாக, தேங்காய் பருமனில் விம்மியிருந்தது. அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன ரத்தப் பொட்டுகள். ஐந்து. அவர் அரத்தால் அளந்து வெட்டிய ஐந்து. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுக்கிற எத்தனையோ ஆட்டின் உட்பக்கத்தைப் பார்த்தவர்தான். ஆனால் அது அசையாது. இது மூச்சு விட்டது.

"அரை மணித்தியாலம் தாங்க டொக்டர். அரத்தால வழிச்சு மறுபடி மழமழன்னு..."

"அரை மணித்தியாலம் எங்க இருக்கு? தோல் மெலிஞ்சு போயிருக்கு, எப்ப வேணும்னாலும் விட்டுரும். நூல் போட்டு இழுத்துப் பார்த்தேன், நூலும் அறுத்துக்கிட்டு வருது. பையை வெளிய தூக்கிப் பிடிச்சாத்தான் வெட்டலாம். கை தவறினா உள்ள இருக்கிறதெல்லாம் வயித்துக்குள்ள கொட்டிரும். மதுஷிகா மயக்க மருந்தை விட்டுக் கூடுதல் நேரம் அசைய முடியாது. வெளிய அந்த அம்மாட கை நடுங்குது." டொக்டர் அவரை நேராகப் பார்த்தார். "நானா, உங்க கை நடுங்குமா?"

முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"இல்ல டொக்டர்."

"அப்ப கழுவுங்க."

மோதிரத்தைக் கழற்றினார். மதுஷிகா சொல்லச் சொல்ல, முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டு, நகத்துக்குள்ளெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்தார். கையுறை மாட்டிவிட்டாள். அதற்குள் டொக்டர் ஊசியால் மூத்திரத்தை உறிஞ்சி எடுத்து, விம்மிய பையைக் கொஞ்சம் தளரவிட்டிருந்தார். உப்புத்தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியை அவருடைய விரல்களுக்குள் வைத்து, பையின் இரண்டு பக்கத்தையும் அவர் கையில் கொடுத்தார்.

சுடச்சுட இருந்தது. அன்ஸார் நானா பயத்தில் பிடித்தார்.

"இறுக்காதீங்க! பாருங்க, வெளிறிப் போகுது."

விட்டார். வழுக்கியது.

"நானா!"

பிடித்தார். நெற்றியில் வேர்வை கொட்டியது. இறுக்கினால் சாகும், விட்டாலும் சாகும். என்ன வேலை இது, யா அல்லாஹ்! அப்போதுதான் அவர் கை தானாக ஒன்றைக் கண்டுகொண்டது. பெண்பிள்ளைகளின் கைக்கடிகாரத்துக்குள் தலைமயிரை விட மெல்லிய ஒரு சுருள் இருக்கும். அதைத் தூக்கும்போது அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். நெரித்தால் போச்சு. அதைத் தூக்குகிற கைதானே இது? விரல்களைத் தளர்த்தினார். பிடிப்பதை விட்டுவிட்டுத் தாங்கினார். அது அவர் விரல்களில் நழுவாமல் உட்கார்ந்தது. வெளிறிய இடத்தில் மெல்ல ரத்தம் திரும்பி ஓடியது.

டொக்டர் ஜெஸ்லா அதைப் பார்த்தார். "அப்படியே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

பையில் ஒரு விரல் நீளத்துக்கு வாய் திறந்தது. டொக்டர் சின்னக் கரண்டியை விட்டு அள்ள, கல் வந்தது. மணலாக வந்தது, கடுகாக வந்தது, மிளகு பருமனிலும் நாலைந்து வந்தது. மதுஷிகா நீட்டிய கிண்ணத்தில் அவை விழும்போது சிலுசிலுவென்று சத்தம் கேட்டது. இவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டா அந்த வாயில்லாச் சீவன் இரண்டு நாள் நின்றது என்று அன்ஸார் நானாவுக்கு நெஞ்சு கரைந்தது. கண்ணைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

பை சுத்தமாகிவிட்டது. ஆனால் மூத்திரம் வெளியே போகும் குழாயில் ஒரு கல் மாட்டியிருந்தது. டொக்டர் மெல்லிய டியூபை உள்ளேயிருந்து செலுத்தி உப்புத்தண்ணீரைத் தள்ளினார். தண்ணீர் போகாமல் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார். திரும்பி வந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே.

"டொக்டர், மூச்சு கொறையுது," என்றாள் மதுஷிகா.

"மருந்தைக் கொற. எண்ணிக்கிட்டே இரு."

மதுஷிகா வாய்க்குள் மூச்சை எண்ணுகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்ஸார் நானாவின் தோள்பட்டை இரண்டும் தீயாக எரிந்தன. இடது கையின் சின்ன விரல் மரத்துப்போனது. பாழாய்ப்போன மூக்கு அந்த நேரம் பார்த்துத்தான் அரிக்கவேண்டுமா? அவர் அசையவில்லை. யா லதீஃப், யா லதீஃப் என்று அல்லாஹ்வை மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். இந்த ஆடு செத்தால் கல்லால் சாகவில்லை, என் பெருமையால் செத்தது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தன் பெருமையின் மேல் அப்படி ஒரு கோபம் அவருக்கு அதற்கு முன் வந்ததே இல்லை.

நாலாம் தடவை தள்ளியதும் திரும்பி வந்தது. டொக்டர் ஒரு பெருமூச்சு விட்டு, டியூபைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, கோணத்தை மாற்றி, மெல்ல மெல்ல அழுத்தினார். ஏதோ ஒன்று இளகியது. தொடைப்பக்கம் போட்டிருந்த துணியைத் தாண்டிக்கொண்டு தண்ணீர் சர்ரென்று பாய்ந்து மதுஷிகாவின் முகத்தில் அடித்தது. கூடவே ஒரு குட்டிக் கல் தரையில் விழுந்து உருண்டது.

"போயிருச்சு!" என்று கத்தினாள் மதுஷிகா, முகத்தைத் துடைக்காமலே. "டொக்டர், போயிருச்சு! மூச்சும் நல்லாயிருக்கு!"

"நானா, கையை எடுத்துராதீங்க. தையல் இருக்கு."

"இருக்கட்டும் டொக்டர். அஸர் தொழுகை வரைக்கும் நிக்கிறேன்," என்றார் அன்ஸார் நானா.

இரண்டு அடுக்குத் தையல். பையில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள், ஒரு இடமும் கசியவில்லை. அவர் வெட்டிய பல் கடித்த ஐந்து பொட்டுக்கும் மேலே டொக்டர் தனியாக ஒரு மடிப்பு வைத்துத் தைத்தார். அதைத் தைக்கும்போது அன்ஸார் நானா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கடைசி முடிச்சு விழுந்த பிறகுதான் டொக்டர் "விடலாம்" என்றார். விரலை விரிக்கவே முடியவில்லை. மதுஷிகா ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

"உசிரோட இருக்கான்," என்று டொக்டர் வெளியே வந்து மரியாயியிடம் சொன்னார். "ஆனா இன்னும் நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். மயக்கம் தெளிஞ்சு அவன் தானா மூத்திரம் போகணும். போனாத்தான் நம்பலாம். போகலன்னா மறுபடி அடைச்சிருக்குன்னு அர்த்தம். இன்னொரு தரம் திறந்தா தாங்க மாட்டான்."

பின்பக்கத்து மாமர நிழலில் சாக்கை விரித்துக் கெப்டனைக் கிடத்தினார்கள். மரியாயி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தோனியாரே, அவன் எழும்பி நடந்தா வஹகோட்டைக் கோயிலுக்கு நடந்தே வாறேன் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அன்ஸார் நானா லுஹர் தொழுதுவிட்டு வந்தார். வீட்டுக்குப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. மரியாயிக்கு எதுவும் தெரியாது. உள்ளே வந்து கைகொடுத்த நல்ல மனிதர் என்றுதான் அவரை நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்போடு அவள் தன்னைப் பார்ப்பது அவருக்கு முள்ளாகக் குத்தியது. அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும். டொக்டர்ட இடுக்கியை நான்தான் பழுதாக்கினது. கேக்காமப் பல்லு வச்சிட்டேன். அது ஒங்க கெப்டனைக் கடிச்சிருச்சு. உள்ள அஞ்சு இடத்துல காயம். அது என்னால வந்தது."

மரியாயி கெப்டனின் தலையை மடியோடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னென்னவோ வந்து வந்து போயின.

"ஏசுறதுக்கு எனக்கு இப்ப தெம்பு இல்ல நானா," என்றாள். "அவன் மூத்திரம் போகட்டும். போகலன்னா ஒங்கள விடமாட்டேன். சொல்லிட்டேன்."

"விடாதீங்க," என்றார் அவர்.

இரண்டு மணியானது, இரண்டரையானது. முன்வாசலில் நாய்களோடும் கன்றுகளோடும் காத்திருந்தவர்கள் கதை கேள்விப்பட்டு ஒவ்வொருவராகப் பின்பக்கம் வந்து சுவரோரமாக நின்றார்கள். மூன்று மணி போலக் கெப்டன் தலையைத் தூக்கினான். முன்காலை ஊன்றினான், சரிந்தான். மறுபடி ஊன்றினான். அன்ஸார் நானா ஓடிப்போய்க் குனிந்து, தையல் படாமல், நெஞ்சுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினார். கெப்டன் அவர் மேல் சாய்ந்துகொண்டு நாலு காலிலும் நின்றான்.

முதுகை வளைத்தான். முக்கினான். ஒன்றும் வரவில்லை.

"என் ராசா," என்றாள் மரியாயி. "என் கண்ணு. முக்குடா."

மறுபடி முக்கினான். பல்லை நறநறவென்று கடித்தான். அந்தச் சத்தம் அன்ஸார் நானாவின் காதோரத்தில் கேட்டது. ஒரு சொட்டு விழுந்தது. இளஞ்சிவப்புச் சொட்டு. பிறகு இன்னொன்று. பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. சுவரோரம் நின்ற யாரோ "அனே" என்று பரிதாபப்பட்டார்கள். மரியாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் வந்தது. முதலில் நூலாக வந்தது, விட்டு விட்டு வந்தது, பிறகு பைப்பைத் திறந்துவிட்ட மாதிரிப் பீறிக்கொண்டு வந்தது! நேராக அன்ஸார் நானாவின் கையில் தெறித்து, காலில் அடித்து, கட்டியிருந்த சாரத்தை முழங்கால் வரை நனைத்து, செருப்புக்குள் நிரம்பி வழிந்தது.

"நானா, காலை எடுங்க! நனையுது!" என்றாள் மதுஷிகா.

"சத்தம் போடாத புள்ள," என்று அன்ஸார் நானா கிசுகிசுத்தார். "அசைஞ்சா பயந்து நிப்பாட்டிருவான்."

அவர் அசையவில்லை. யாருமே அசையவில்லை. அரைவாசிச் சாப்பாட்டில் எழுந்து எச்சில் கையோடு ஓடிவந்த டொக்டர் ஜெஸ்லாவும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அது இரண்டு நாளாக அடைந்திருந்த மூத்திரம் இல்லைதான், அதைக் காலையிலேயே எடுத்துவிட்டார்களே. ஆனால் ஒபரேஷன் நேரம் நரம்பில் ஏற்றிய சேலைன் அத்தனையும் சேர்ந்து அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. போகப் போகக் கெப்டனின் முதுகு நிமிர்ந்தது. காது இரண்டும் எழும்பின. கடைசிச் சொட்டையும் விட்டுவிட்டு, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, அந்த வளவே அதிரும்படி "மே!" என்றான்.

அவ்வளவுதான். சுவரோரம் நின்ற சனம் கைதட்டியது, விசிலடித்தது. நாயெல்லாம் குரைத்தது. டொக்டர் ஜெஸ்லா எச்சில் கையாலேயே மதுஷிகாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தார். கெப்டன் அவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விரித்திருந்த சாக்கின் ஓரத்தைக் கடித்துத் தின்னத் தொடங்கினான்.

மரியாயி எழுந்து வந்தாள். நேராக அன்ஸார் நானாவிடம் வந்தாள். ஏசப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"ஐயோ, விடுங்க தங்கச்சி," என்று அவர் பதறினார். "கையெல்லாம் மூத்திரம்."

"இருக்கட்டும் நானா," என்றாள் மரியாயி, அழுகையும் சிரிப்புமாக. "இன்னிக்கு எனக்கு அது தீர்த்தம்."